மாத்திரையை நிறுத்திவைத்த சிஸ்டர் மீது புகார் கொடுக்கலாமா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 74 வயது. இதயம் பலவீனமாகி, துடிப்பும் சீராக இல்லாததால் பல வருடங்களாக டிகாக்சின் மாத்திரை சாப்பிடுகிறவர். கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை, சர்க்கரைக்கு இன்சுலின். காது மந்தம். காலில் புண் வந்து சீழ் பிடித்ததால் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே நடந்தவற்றில் மகளுக்கு நிறைய மனக்குறை. ஒவ்வொரு வேளை மருந்துக்கும் சிஸ்டர்கள் அப்பாவிடம் பெயர் கேட்டார்கள், பிறந்த தேதி கேட்டார்கள், கையில் கட்டிய பட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். "ஒரு வாரமா பாக்குற ஆளைத் தெரியாதா?" என்று அப்பா எரிச்சல்பட்டார். ஒரு இன்சுலின் ஊசிக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். மருந்து வண்டியோடு வந்த சிஸ்டரிடம் படுக்கை விரிப்பு கேட்டதற்கு, "இந்த ரவுண்டு முடியட்டும்மா" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் டிரிப் ஏறும்போது அப்பாவின் முகமும் கழுத்தும் சிவந்து அரித்தன. டிரிப்பை நிறுத்தினார்கள், டாக்டர் வந்து பார்த்தார், பிறகு அதே மருந்தையே மறுபடியும் ஏற்றினார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காலை நேரம். ஒரு சிஸ்டர் அப்பாவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து எண்ணிவிட்டு, "பல்ஸ் 52தான் இருக்கு. இதய மாத்திரை இப்ப வேண்டாம், டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று போய்விட்டார். மதியம் வரை திரும்பி வரவில்லை. பயந்துபோன மகள், வீட்டிலிருந்து கொண்டுவந்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. "ஒன்றும் ஆகவில்லை" என்கிறார். அந்த நாட்களில் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை, குமட்டுகிறது என்றார், ஒருமுறை "எல்லாம் மஞ்சளா தெரியுது" என்றும் சொன்னார் என்று கடிதத்தின் வேறொரு இடத்தில் வருகிறது. ஆஸ்பத்திரி லைட்டே அப்படித்தான் என்று விட்டுவிட்டார்களாம்.

ஒரே ஒரு சிஸ்டரை மனதாரப் பாராட்டுகிறார். இரவு டூட்டிக்கு வரும் அவர் எதுவும் கேட்க மாட்டார். மாத்திரைகளைச் சின்னக் கப்பில் போட்டு மேஜைமேல் வைத்து, "தாத்தா சாப்பிட்டதும் குடுத்துடுங்க" என்று சிரித்துவிட்டுப் போவாராம். ஒரு நாள் காலையில் தலையணைக்கு அடியில் ஒரு மாத்திரை கிடந்ததையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறார்.

அப்பா வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் டிகாக்சின் அளவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்திய சிஸ்டர் மீது புகார் கொடுக்கலாமா, அந்த ஆன்டிபயாட்டிக் அப்பாவுக்கு அலர்ஜி என்று எல்லா இடத்திலும் சொல்லிவிடலாமா, மருந்தைப் பற்றிக் கேள்வி கேட்கவும் வேண்டாம் என்று மறுக்கவும் நமக்கு உரிமை உண்டா, வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ராப்பகலாக உட்கார்ந்திருந்தவரின் களைப்பு உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. அந்தக் களைப்பிலும் இத்தனை நுணுக்கமாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் என்னால் பதில் சொல்ல முடிகிறது. நானும் வார்டில் பல காலம் மருந்து கொடுத்தவள். இப்போது புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ்களுக்கு அதைத்தான் கற்றுக்கொடுக்கிறேன். மனதில் பட்டதை நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குறைப்பட்டுக்கொள்ளும் சிஸ்டர்கள் பேச்சில் கடுகடுப்பாக இருந்திருக்கலாம். செய்த காரியத்தில் அவர்கள் உங்கள் அப்பாவுக்குக் காவலாக இருந்திருக்கிறார்கள். எனக்குக் கவலை தருவது நீங்கள் பாராட்டியிருக்கும் சிஸ்டரின் வழக்கம்தான்.

முதலில் வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள்

புகாரை அடுத்த வாரம்கூட எழுதலாம். இதை இன்றைக்கே செய்துவிடுங்கள். டிகாக்சின் 0.25 மி.கி., 0.125 மி.கி. என்று வெவ்வேறு அளவுகளில் வருகிறது. ஆஸ்பத்திரிக்கு நீங்கள் கொண்டுபோன பழைய அட்டை இன்னும் வீட்டில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதன் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து அந்த எண்ணைப் படியுங்கள். பழையதில் 0.25 என்றும் புதிய சீட்டில் 0.125 என்றும் இருந்தால், பழைய அட்டையிலிருந்து ஒரு மாத்திரை கொடுப்பது டாக்டர் எழுதியதைப் போல இரண்டு மடங்கு. இரண்டு அட்டைகளும் ஒரே டப்பாவில் கிடந்தால் என்றைக்காவது ஒரு நாள் கை மாறிவிடும். பழையதைத் தனியே எடுத்துவிடுங்கள். பாதியாக உடைத்துக் கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். மருந்தாளுநரிடமோ டாக்டரிடமோ கேட்டுவிட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

அப்பாவுக்கு இப்போதும் பசியின்மை, குமட்டல், வழக்கத்துக்கு மாறான சோர்வு, பேச்சில் குழப்பம், பார்வையில் மஞ்சள் அல்லது பச்சைச் சாயல், விளக்கைச் சுற்றி வளையம் போலத் தெரிவது, இவற்றில் எது இருந்தாலும் அடுத்த மாத்திரையைக் கொடுக்கும் முன் டாக்டரைக் கூப்பிடுங்கள். மயங்கி விழுந்தாலோ, நாடி மிகவும் தாறுமாறாக ஓடினாலோ, போனில் பேசிக்கொண்டிருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

52 என்ற எண்

டிகாக்சின் இதயத்துடிப்பின் வேகத்தைக் குறைத்து, இதயம் சுருங்கும் பலத்தைக் கூட்டும் மருந்து. நல்ல மருந்துதான். ஆனால் அது வேலை செய்யும் அளவுக்கும் விஷமாக மாறும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும், 74 வயதில் சிறுநீரகம் இளமையில் செய்த வேலையைச் செய்யாது. அப்பா சாப்பிடுவது போன்ற நீர் மாத்திரைகளில் பல, தண்ணீரோடு சேர்த்துப் பொட்டாசியத்தையும் வெளியேற்றிவிடும். பொட்டாசியம் குறைந்த உடம்பில் அதே அளவு டிகாக்சின் இன்னும் பலமாகத் தாக்கும். சீழ்ப் புண்ணோடு, சரியாகச் சாப்பிடாமல் படுத்திருந்த ஒரு பெரியவரிடம் இவையெல்லாம் ஒன்றுசேர நிறைய வாய்ப்பு உண்டு.

அதனால்தான் இந்த மாத்திரையைக் கொடுக்கும் முன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். மணிக்கட்டைப் பிடித்து 15 வினாடி பார்த்து நான்கால் பெருக்குவது உங்கள் அப்பாவுக்குச் சரிவராது. துடிப்பு சீராக இல்லாதவர்களுக்குச் சில துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேர்வதே இல்லை. அந்த சிஸ்டர் நெஞ்சில் வைத்து எண்ணினார் என்று படித்ததுமே, வேலை தெரிந்தவர் என்று புரிந்துகொண்டேன்.

"டாக்டர் எழுதிய மருந்தை நிறுத்த நர்ஸுக்கு என்ன அதிகாரம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் அந்த மருந்தை எழுதியபோது பார்த்த உடம்பு வேறு, அன்று காலை 52 துடித்த உடம்பு வேறு. கொடுக்கும் நிமிடத்தில் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது நர்ஸின் வேலை. கெடுதல் வரலாம் என்று தெரிந்த பிறகும், சீட்டில் இருக்கிறதே என்று கொடுத்திருந்தால் அந்தத் தவறில் அவருக்கும் பங்கு உண்டு. நிறுத்திவைப்பது, காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதுவது, டாக்டரிடம் சொல்வது, மூன்றும் அவருடைய கடமை.

ஒரு வேளை விட்டால் இதயமே நின்றுவிடுமோ என்ற பயத்தில்தான் நீங்கள் மாத்திரையைக் கொடுத்தீர்கள். அந்தப் பயத்துக்கு அவசியம் இருக்கவில்லை. டிகாக்சின் உடம்பை விட்டு மெதுவாகப் போகும் மருந்து. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கே ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகும். முதல் நாள் கொடுத்த மருந்து அன்று காலையிலும் அப்பாவின் உடம்பில் இருந்தது. இதை எல்லா மருந்துக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வலிப்பு மருந்து, பார்க்கின்சன் நோய்க்கான மருந்து, சாப்பாட்டோடு சேர்ந்த இன்சுலின் போன்றவை அரை மணி நேரம் தள்ளிப்போனாலே சிரமம் வரலாம்.

நீங்கள் கொடுத்த அந்த ஒரு மாத்திரை இந்த மூன்று வாரத்தில் ஏறக்குறைய முழுவதும் வெளியேறியிருக்கும். அதை நினைத்து இனி ராத்திரி விழித்திருக்க வேண்டாம். ஆனால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கேஸ் ஷீட்டில் 'கொடுக்கவில்லை' என்று இருந்த நாளில் மருந்து உள்ளே போயிருக்கிறது. நிறுத்தியும் துடிப்பு ஏறவில்லையே என்று அவர்கள் வேறு காரணம் தேடியிருக்கலாம். ரத்தத்தில் டிகாக்சின் அளவைப் பார்த்திருந்தால் அந்த எண்ணையும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். இப்போதைய அளவைத் தீர்மானித்ததில் அதற்குப் பங்கு இருக்கிறதா என்று டாக்டர்தான் பார்க்க முடியும். திட்டுவார்களோ என்று தயங்காதீர்கள். வீட்டு மாத்திரையைக் கொடுத்துவிடும் சொந்தக்காரர்களை டாக்டர்களும் நர்ஸ்களும் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

அப்பா "மஞ்சளா தெரியுது" என்று சொன்ன இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பசி போவதும் குமட்டலும் டிகாக்சின் அதிகமாகும்போது முதலில் தலைகாட்டும் தொந்தரவுகள். மஞ்சள் பார்வை அதற்கே உரிய அடையாளம். வெறும் கடிதத்தை வைத்து, நடந்தது இதுதான் என்று நான் முடிவுகட்ட முடியாது. ஆனால் 52 துடிப்பு, குமட்டல், மஞ்சள் பார்வை மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது தெரிந்திருந்தால் அந்த சிஸ்டர் மதியம் வரை காத்திருந்திருக்க மாட்டார். நர்ஸ் ஒரு வேளைக்குச் சில நிமிடம்தான் கட்டிலருகே நிற்கிறார். நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்தவர் நீங்கள். பக்கவிளைவு பலசமயம் முதலில் உங்களைப் போன்றவர்களின் கண்ணில்தான் படும். அற்பமாகத் தோன்றினாலும் சொல்லிவிடுங்கள். அற்பமா இல்லையா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பெயர் கேட்பதும் இரண்டு பேர் வருவதும்

அப்பாவை யாரென்று தெரியாமல் அவர்கள் பெயர் கேட்கவில்லை. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சரிபார்ப்பது எங்கள் தொழிலின் அடிப்படை. மருந்தின் லேபிளை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை, அளந்து எடுக்கும்போது ஒருமுறை, கட்டிலருகே கொடுக்கும் முன் ஒருமுறை என்று மூன்று தடவை படிக்கிறோம். முகம் பழகிவிட்டது என்று பெயர் கேட்பதை விட்டுவிடும் நாளில்தான் பக்கத்துக் கட்டிலின் மருந்து கை மாறும். கட்டில் எண்ணை நம்ப முடியாது, நோயாளியை இடம் மாற்றுவார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே வார்டில் இருப்பதும் சகஜம்.

கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. ஒரு பெயரைச் சொல்லி, "நீங்கதானே அது?" என்று கேட்டால் காது மந்தமானவர் எந்தப் பெயருக்கும் தலையாட்டிவிடுவார். "உங்க பேரைச் சொல்லுங்க" என்றால் பதிலை அவர்தான் சொல்லியாக வேண்டும். உங்கள் அப்பாவிடம் அவர்கள் இப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். கையிலுள்ள பட்டையோடு ஒத்துப்பார்த்ததும் அதற்காகத்தான்.

இன்சுலினுக்கு இரண்டு பேர் வந்தது அனுபவக் குறைவால் என்று நினைத்துவிட்டீர்கள். இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், நரம்பில் ஏற்றும் பொட்டாசியம், மார்ஃபின் போன்றவை அளவு தவறினால் உயிருக்கே ஆபத்தானவை. அதனால் பல ஆஸ்பத்திரிகளில் இரண்டாவது நர்ஸ் ஒருவர், முதலாமவர் சொல்வதைக் கேட்காமல், தானே சீட்டைப் படித்து, தானே சிரிஞ்சில் உள்ள அளவைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். யூனிட் என்பதைக் குறிக்க அவசரமாக எழுதிய ஆங்கில எழுத்து பூஜ்யம் போலத் தெரிந்து, 10 யூனிட் 100 ஆகப் படிக்கப்பட்ட தவறுகள் நடந்திருக்கின்றன. சுருக்கி எழுத வேண்டாம், 'யூனிட்' என்று முழுதாக எழுதுங்கள் என்ற விதி அப்படித்தான் வந்தது.

படுக்கை விரிப்பு விஷயமும் இதைச் சேர்ந்ததுதான். சிட்னியில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் நர்ஸ்கள் மருந்து கொடுப்பதைக் கூடவே இருந்து கவனித்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. நடுவில் வரும் ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் தவறுகள் ஏறக்குறைய 12 சதவீதம் கூடுவதை அதில் கண்டார்கள். நிமிர்ந்து பார்த்து ஒரு வார்த்தை இதமாகச் சொல்லியிருக்கலாம்தான். கையில் யாருடைய மருந்தை எண்ணிக்கொண்டிருந்தாரோ, அவருக்காகத்தான் நிமிராமல் இருந்தார்.

டிரிப் ஏறும்போது சிவந்தது

வான்கோமைசினை வேகமாக ஏற்றினால் உடம்பிலுள்ள சில செல்களிலிருந்து ஹிஸ்டமின் என்ற அரிப்பு உண்டாக்கும் பொருள் திடீரென்று வெளியாகி முகம், கழுத்து, மேல் மார்பு சிவந்து அரிக்கும். சிலருக்கு பி.பி.யும் இறங்கும். அதனால்தான் 1 கிராம் மருந்தைக் குறைந்தது 1 மணி நேரம் எடுத்து ஏற்றச் சொல்கிறார்கள். அப்படிச் சிவந்தால் டிரிப்பை நிறுத்தி, அரிப்புக்கு மருந்து கொடுத்து, அடங்கிய பிறகு இன்னும் மெதுவாக ஏற்றுவது முறையான சிகிச்சை. நீங்கள் விவரித்திருப்பது அதைப் போலத்தான் இருக்கிறது. இது ஏற்றும் வேகத்தால் வருவது. உண்மையான அலர்ஜி வேறு. அதில் தடிப்பு தடிப்பாக வீங்கும், உதடும் நாக்கும் வீங்கும், மூச்சு இழுக்கும், பி.பி. சரியும். அந்த நிலையில் முதலில் கொடுக்க வேண்டியது தொடைத் தசையில் அட்ரினலின் ஊசி. அலர்ஜி உண்டாக்கிய மருந்தை மறுபடி ஏற்றிப் பார்க்க யாரும் துணிய மாட்டார்கள்.

ஆகவே "அலர்ஜி" என்று எல்லா இடத்திலும் சொல்லும் முன், டாக்டர் டிஸ்சார்ஜ் சீட்டில் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். வேறு பல ஆன்டிபயாட்டிக்குகள் பலிக்காத கிருமிகளுக்கு வான்கோமைசினைத்தான் நம்புகிறார்கள். தேவையில்லாமல் அலர்ஜி முத்திரை விழுந்துவிட்டால், நாளைக்கு அப்பாவுக்கு அது அவசியமாகும்போது கிடைக்காமல் போகலாம். சொல்லாமல் விடுவதும் தவறு. "வேகமாக ஏற்றியபோது சிவந்து அரித்தது, மெதுவாக ஏற்றியபோது தாங்கினார்" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

மேஜைமேல் வைத்த கப்

இரவு டூட்டி சிஸ்டர் அன்பானவராக இருக்கலாம். ஒருவேளை ஒற்றை ஆளாக முழு வார்டையும் பார்த்துக்கொண்டிருந்தவராகவும் இருக்கலாம். ஆனால் மாத்திரையை விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் 'கொடுத்தேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவர் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்? தலையணைக்கு அடியில் கிடந்த மாத்திரை எது? நீர் மாத்திரையா, டிகாக்சினா, வேறு ஏதாவதா? அன்றைக்கு அது உள்ளே போயிருப்பதாகத்தான் கேஸ் ஷீட் சொல்லும். மறுநாள் கால் வீக்கம் கூடியிருந்தால், மருந்து போதவில்லை என்று நினைத்து டாக்டர் அளவைக் கூட்டியிருக்கலாம். கேட்பாரற்று இருக்கும் கப்பைக் குழப்பத்தில் இருக்கும் பக்கத்துக் கட்டில்காரர் எடுத்து விழுங்கிவிடுவதும் உண்டு.

அந்த மாத்திரையை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இனி எப்போதாவது அப்படிக் கிடைத்தால் வாயில் போட்டுவிடாமல், தூக்கியும் எறியாமல், சிஸ்டர் கையில் கொடுத்து எப்போது, எங்கே கிடந்தது என்று சொல்லுங்கள்.

புகார், உரிமை

கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. என்ன மருந்து, எதற்கு, எவ்வளவு, என்ன தொந்தரவு வரலாம், வந்தால் யாரிடம் சொல்வது என்று ஒவ்வொரு மருந்துக்கும் கேட்கலாம். மருந்தால் வரும் தவிர்க்கக்கூடிய கடுமையான தீங்கை 5 ஆண்டுகளில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-ல் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. நோயாளிகளும் குடும்பத்தாரும் கேட்க வேண்டிய கேள்விகளையே அவர்கள் பட்டியலிட்டிருக்கிறார்கள். மருந்தைத் தொடங்கும்போது, சாப்பிட்டு வரும்போது, இன்னொன்றைச் சேர்க்கும்போது, மருந்துகளை மறுபடி அலசிப் பார்க்கும்போது, நிறுத்தும்போது என்று ஐந்து சமயங்களுக்கு அந்தக் கேள்விகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. "சிஸ்டர், இந்த வெள்ளை மாத்திரை நேத்து இல்லையே" என்று நீங்கள் கேட்பதால் ஒரு தவறு அந்த இடத்திலேயே நின்றுபோகலாம். அப்படிக் கேட்டால் நல்ல நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டார், சீட்டை இன்னொருமுறை பார்ப்பார்.

மறுக்கும் உரிமையும் உண்டு. தெளிவாக இருக்கும்வரை அந்த உரிமை அப்பாவுடையது, உங்களுடையது இல்லை. அவர் வேண்டாம் என்றால் சிஸ்டர் காரணம் கேட்டு, விளக்கி, அப்போதும் மறுத்தால் எழுதிவைத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

புகாருக்கு வருகிறேன். "மாத்திரையைக் கொடுக்கவில்லை" என்று எழுதினால் கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்ப்பார்கள். 52 என்று எழுதி நேரமும் போட்டிருந்தால் அந்தப் புகார் அங்கேயே விழுந்துவிடும். நியாயமான வருத்தங்கள் உங்களிடம் வேறு இரண்டு இருக்கின்றன. நிறுத்தியதற்கான காரணத்தைப் புரியும்படி விளக்கவில்லை, மதியம் வரை யாரும் திரும்பி வரவில்லை என்பது ஒன்று. இரண்டு நிமிடம் விளக்கியிருந்தால் நீங்கள் வீட்டு அட்டையைத் தொட்டிருக்க மாட்டீர்கள். அந்த இரண்டு நிமிடமும் மருந்து கொடுப்பதில் சேர்ந்ததுதான் என்று நான் மாணவிகளிடம் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். இரவில் மாத்திரையைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் மற்றொன்று. அந்த இரண்டையும் எழுதுங்கள். நீங்கள் கொடுத்த மாத்திரையையும் மறைக்காமல் அதில் சேர்த்துவிடுங்கள். பிறகு வேறு வழியில் தெரியவந்தால் நீங்கள் சொன்ன நியாயமும் எடுபடாமல் போகும்.

பெயர் குறிப்பிட்டு நடவடிக்கை கேட்பதா, பொதுவாக எழுதுவதா என்பது உங்கள் விருப்பம். நான் உங்கள் இடத்தில் இருந்தால், நர்சிங் கண்காணிப்பாளருக்கு நடந்ததைத் தேதியோடு எழுதி, இரவில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை நர்ஸ் என்று பார்க்கச் சொல்லியிருப்பேன். ஒரு ஆளைத் தண்டித்துவிட்டு அதே ஆள் பற்றாக்குறையை வைத்துக்கொண்டால் அடுத்த சிஸ்டரும் கப்பை வைத்துவிட்டுத்தான் போவார். தண்டனைக்குப் பயந்தால் நடந்த தவறை யாரும் வெளியே சொல்லவும் மாட்டார்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

டிகாக்சின் கொடுக்கும் முன் துடிப்பை எண்ணுவதற்கு டிஸ்சார்ஜ் சீட்டு எழுதிய டாக்டரிடமோ அங்குள்ள சிஸ்டரிடமோ கற்றுக்கொள்ளுங்கள். எந்த எண்ணுக்குக் கீழே போனால் கொடுக்காமல் போன் செய்ய வேண்டும் என்று உங்கள் அப்பாவுக்கான எண்ணை எழுதி வாங்குங்கள். டிகாக்சின் அளவு, பொட்டாசியம், சிறுநீரகம் மூன்றுக்குமான ரத்தப் பரிசோதனை எப்போது என்றும் கேளுங்கள். டிகாக்சின் அளவு பார்க்க மாத்திரை சாப்பிட்டுக் குறைந்தது 6 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். அன்றைக்கு மாத்திரை கொடுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் எடை சட்டென்று ஏறினால் உடம்பில் நீர் தங்குகிறது என்று அர்த்தம், டாக்டரிடம் சொல்லுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது கொஞ்ச நேரம் ஓரத்தில் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று உறுதியான பிறகு எழட்டும்.

வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். வயதானவர்களுக்குச் சிலசமயம் குழப்பம் மட்டும்தான் வெளியே தெரியும். சோதித்துப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையில் இருந்தால் 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

வலிக்கு என்று கடையில் நீங்களாகவே ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை வாங்கிக் கொடுக்காதீர்கள். அவை உடம்பில் நீரைத் தங்கவைக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். சிறுநீரகம் தளர்ந்தால் டிகாக்சின் வெளியேறுவதும் தாமதமாகும். விழுங்கச் சிரமம் என்று எந்த மாத்திரையையும் கேட்காமல் பொடிக்கவும் வேண்டாம். மெதுவாகக் கரைவதற்கென்றே செய்த மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுக்கச் சேர வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டிலுள்ள அத்தனை அட்டைகளையும், பாட்டில்களையும், மூலிகைப் பொடி இருந்தால் அதையும், காலாவதியானதையும் தனியே எடுத்துவைத்த பழைய டிகாக்சினையும்கூட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டியதற்கு நேராக அளவும் நேரமும் எழுதித் தரட்டும். வேண்டாதவற்றை அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.